பதினைந்தாவது கேள்வி

மணி இரண்டே கால். நாலு மணிக்கு இந்தக் கேள்வித்தாள் நாலாயிரம் பேருடைய போனுக்குப் போகப் போகிறது, அதற்குள் பதினைந்தாவது கேள்வியை என்ன செய்வது என்று நான் சொல்லியாக வேண்டும், எனக்கோ கண் சொக்குகிறது. தயிர்சாதம் சாப்பிட்டிருக்கக் கூடாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாட்களில் இதுதான் தொல்லை, சாப்பாட்டு மேசைக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை, தூக்கம் கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. பம்மலில் வீடு வாங்கும்போது விமானச் சத்தம் பழகிவிடும் என்றார்கள், பழகித்தான் விட்டது, இப்போது சத்தம் வராவிட்டால்தான் நிமிர்ந்து பார்க்கிறேன். ஒன்று தாழ்வாகப் போகிறது. ஜன்னல் கண்ணாடி லேசாக நடுங்குகிறது, திரையில் இருக்கிற படமும் சேர்ந்து நடுங்குவதுபோல் இருக்கிறது. படம் என்றால் ஒரு கோடு. நேற்றிலிருந்து வெள்ளோட்டமாக அறுபது பேருக்கு அனுப்பிப் பார்த்ததில் ஐம்பத்திரண்டு பேர் திறந்திருக்கிறார்கள், இருபத்திரண்டு பேர் முடித்திருக்கிறார்கள். முதல் கேள்வியிலிருந்து பதினான்கு வரை கோடு ஏறக்குறைய சமமாக வருகிறது, அங்கொருவர் இங்கொருவர் உதிர்ந்திருக்கிறார். பதினைந்தில் செங்குத்தாக விழுகிறது. இருபத்தாறு பேர். அத்தனை பேரும் ஒரே இடத்தில் போனை மூடி வைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் கீழ்க்கண்டவற்றில் எவை உள்ளன? ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, இரண்டு சக்கர வாகனம், கார். இருப்பதைத் தொட்டால் ஒரு டிக் விழும். இதில் பயப்பட என்ன இருக்கிறது.

பயப்பட இருக்கிறது என்கிறார் எங்கள் ஆபீஸ் தலைவர் சேவியர் சார். காலையில் கூப்பிட்டார், எப்போதும்போல என்னோடும் இன்னும் யாரோடோவும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே. "நீலா, ஃபிரிட்ஜ் இருக்குன்னு சொன்னா ரேஷன் கார்டை மாத்திடுவாங்கன்னு ஜனங்களுக்குப் பயம். இது தெரிஞ்ச கதைதானே. தூக்கிடுங்க, இல்லேன்னா கடைசிக்குத் தள்ளிடுங்க. ஆயிரத்து ஐந்நூறு பேருக்குக் கீழே போனா அவங்க எடுத்துக்க மாட்டாங்க." அவங்க என்று அவர் சொன்னது அறக்கட்டளைக்காரர்களை. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக அவர்கள் ஆறு ஊர்களில் பகல்நேர இல்லம் திறக்க நினைக்கிறார்கள், நினைவு தப்பியவர்கள், மனநிலை சரியில்லாதவர்கள், தலையில் அடிபட்டவர்கள், இவர்களைக் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாயங்காலம் அழைத்துப் போகலாம். ஆயிரத்து ஐந்நூறு பேராவது இருபத்து நாலு கேள்விக்கும் பதில் சொன்னால்தான் அவர்களுடைய குழு இதை எடுத்துப் பேசும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மூடி வைத்துவிடும். அடுத்த வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று கேள்வித்தாளில் ஒரு கேள்வி வைக்கலாம். பகலில் எத்தனை மணி நேரம் அவரைத் தனியே விட்டு வெளியே போக முடிகிறது என்பது ஆறாவது கேள்வி. முடித்தவர்களில் பாதிக்கு மேல் 'முடிவதில்லை' என்று தொட்டிருக்கிறார்கள். முடிவதில்லை, முடிவதில்லை, முடிவதில்லை. பச்சை நிறத்தில் வரிசையாக நிற்கிறது. அந்த வரிசையைப் பார்த்தால் ரயில் ஜன்னலில் ஒரே மாதிரி கம்பங்கள் ஓடுகிற மாதிரி இமை கனக்கிறது.

நான் நல்ல கேள்வித்தாள்தான் செய்திருக்கிறேன். இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏழு நிமிடம் ஆகும் என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன், உண்மையாகவே ஏழு நிமிடம்தான் ஆகும், ஐந்து என்று போட்டுவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் பிடித்து வைத்தால் ஏழாவது நிமிடத்தில் மனுஷருக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான். ஒரு திரைக்கு ஒரு கேள்வி. பெருவிரலால் தொடுகிற அளவுக்குப் பெரிய கட்டங்கள், ஏனென்றால் இவர்களுடைய இன்னொரு கை சும்மா இருக்காது, ஒரு டம்ளரையோ ஒரு மணிக்கட்டையோ பிடித்துக்கொண்டிருக்கும். எளிய கேள்விகள் முதலில். கஷ்டமான கேள்வியை முன்னாலே வைத்தால் ஓடிவிடுவார்கள், கடைசியில் வைத்தால் களைத்திருப்பார்கள், நடுவுக்குச் சற்றுத் தள்ளி, பேச்சு கொஞ்சம் பழகின பிறகு வைக்க வேண்டும். பின்னால் போகிற பொத்தானையும் நான்தான் எடுத்தேன். போன வருஷம் ஒரு தண்ணீர் கேன் கம்பெனிக்குச் செய்தபோது கவனித்தேன், பழைய பதிலைத் திருத்தப் பின்னால் போகிறவர்களில் பாதிப் பேர் முன்னால் வருவதே இல்லை. அதனால் முன்னால் மட்டும் போகலாம். ஒரு பக்கம்தான் திறக்கிற கதவுகள். அன்றைக்கு அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது, சேவியர் சார் மற்றவர்களிடமெல்லாம் சொன்னார்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் கதவு என்றால் நிஜக் கதவு. சைதாப்பேட்டையில் கையில் அட்டையும் பேனாவுமாக வீடு வீடாகப் போவேன், எந்த சோப்பு வாங்குகிறீர்கள், ஏன் வாங்குகிறீர்கள், மணத்துக்கா நுரைக்கா. ஒரு வீட்டில் பச்சை நைட்டி போட்ட ஒரு அம்மா. சோப்பின் பெயரைச் சொன்னார். வேறு சோப்புக்கு மாறியதுண்டா என்றேன். உண்டு என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் நிலையில் சாய்ந்து நின்றார். நானும் நின்றேன். அட்டையில் அடுத்த வரி தயாராக இருந்தது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த வரியை வாசிக்க வரவில்லை. தெருவில் ஒரு குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவரே சொன்னார், "அவரு போட்ட சோப்பு வாசனை. அவரு போனப்புறம் அதை வாங்கறதில்லை." அதற்குப் பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார், மீதிக் கேள்வி அத்தனைக்கும் பதில் சொன்னார், சோப்புக் கம்பெனிக்கு அதில் பாதி எதற்கும் உதவாது. இருபத்தைந்து வயதில் அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது, இந்த வேலை பிடித்துவிட்டது என்று தெரிந்த நாள் அது. இப்போது நாலாயிரம் பேரில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் விதி. நீங்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியாது என்று முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

போட்டிருக்கிறேன். ஆனால் பதில்கள் விழுகிற இந்தப் பட்டியலில், வலது ஓரத்தில், ஊர் என்று ஒரு பத்தி இருக்கிறது. அது அவரவர் போனிலிருந்து தானாகவே வரும். முதல் வேலையாக அதை நிறுத்தியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன், இப்போதுதான் கண்ணில் படுகிறது. இல்லை, இப்போது இல்லை. ஒரு மணிக்கே கண்ணில் பட்டது. பட்டபோது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன், எச்சில் கையோடு எதைத் தொடுவது என்று விட்டேன், கை கழுவின பிறகும் விட்டேன். சேலம், சேலம், மதுரை, திருவள்ளூர், கும்பகோணம். கும்பகோணம் ஒன்றே ஒன்று. பகல் பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குத் தொடங்கியது. பதினைந்தாவது கேள்வியில் நிற்கிறது. இன்னும் மூடவில்லை. மற்ற இருபத்தைந்து பேரும் போய்விட்டார்கள், இந்த ஒருவர் மட்டும் ஒன்றரை மணி நேரமாக ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி என்ற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அல்லது போனைத் திறந்தபடி எங்கேயோ வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அத்தான் கூப்பிட்டிருப்பார். அத்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேனா. கும்பகோணத்தில் எத்தனை வீடுகள், எத்தனை நோயாளிகள். ஆனால் கும்பகோணத்தில் ஒருவருக்குத்தான் நான் இதை அனுப்பினேன். கோமளா அக்காவுக்கு. "அக்கா, கேள்வியெல்லாம் புரியுதான்னு மட்டும் பார்த்துச் சொல்லு, நேரம் இருந்தா" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பினேன். நேரம் இருந்தால். ஆறாவது கேள்வியை எழுதினவள் அக்காவுக்கு இப்படி எழுதுகிறாள்.

அத்தான் கணக்கு வாத்தியார். தாராசுரம் பக்கத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து ஆறு வருஷமாகிறது. வெளிக்காயம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது, தலைக்குள் என்ன ஆனதோ அது ஆறவில்லை. சில நாள் அக்காவை யாரென்று கேட்பார். சில நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தட்டை எறிவார். சட்டையை மாற்றவிடமாட்டார். திறந்த வாசலைக் கண்டால் நடக்கத் தொடங்கிவிடுவார், ஒருமுறை ரயில்வே கேட் வரை போய்விட்டார். பகலில் அவர் தூங்குகிற நேரம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு, அதுதான் அக்காவுடைய நேரம், அப்போது நான் கூப்பிட்டால் மெதுவாகப் பேசுவாள், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. நான் கடைசியாகப் போனது சித்திரையில். சனிக்கிழமை காலை போனேன், ஞாயிறு மத்தியானம் கிளம்பிவிட்டேன், மறுநாள் ஒரு கூட்டம் இருந்தது, அந்தக் கூட்டம் எதைப் பற்றி என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது அக்கா என் கைப்பையை வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். தீபாவளிக்கு வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பினேன். படுக்கை விரிப்பே ஒரு நாளைக்கு மூன்று துவைக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருந்தாள். இறக்கி வைத்த ஆட்கள் படம் எடுத்து அனுப்பினார்கள், மெஷின் பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், சிரிக்கச் சொல்லியிருப்பார்கள் போல.

விசிறி சுற்றுகிறது. இன்னொரு விமானம், இது ஏறுகிறது, இறங்குகிறதற்கும் ஏறுகிறதற்கும் சத்தம் வேறு. கண்ணை ஒரு நிமிடம் மூடுகிறேன், ஒரே ஒரு நிமிடம். ஒரு வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறேன், அறைக்குப் பின் அறை, ஒவ்வொரு அறையிலும் ஒரு பலகையில் ஏதோ எழுதியிருக்கிறது, வாசிக்காமலே எனக்குத் தெரிகிறது, நான் எழுதியதுதானே. கதவுகள் பின்னால் மெத்தென்று சாத்திக்கொள்கின்றன, சத்தமே இல்லை. ஓர் அறையில் யாரும் இல்லை, வெளிச்சமும் இல்லை, என்னவோ ஒன்றைச் சொல்லிவிட்டு வெளியே வருகிறேன், சொன்னது என்ன என்று மறந்துவிட்டது. அடுத்த அறை கடை மாதிரி இருக்கிறது. பளிச்சென்று விளக்கு. ஃபிரிட்ஜுகள், ஏசிகள், பிளாஸ்டிக் உறை கழற்றாத மெஷின்கள். ஒரு வாஷிங் மெஷின் மேல் அக்கா கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்காருகிற மாதிரி. "இது இருக்கு" என்கிறாள். "இது இருக்கு, டிக் பண்ணிக்கோ." நான் அவளிடம் அதைக் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுக்கிறேன், வரவில்லை. அவள் எனக்குப் பின்னால் இருக்கிற கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் கைப்பிடி இல்லை.

விழித்துவிட்டேன். மூன்று மணி ஆக ஏழு நிமிடம் இருக்கிறது. கன்னத்தில் மேசை விரிப்பின் கோடு பதிந்திருக்கிறது, தடவினால் தெரிகிறது. இருபத்தாறு பேரும் விழுந்தது பதினைந்தில், அதனால் எல்லோரும் பதினைந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் எங்கிருந்து அங்கே வந்தார்கள்? எந்தக் கதவு வழியாக? பதினாலாவது கேள்வி அறக்கட்டளையின் டாக்டர்கள் கட்டாயம் வேண்டும் என்றது, வார்த்தைகளை நாலு நாள் உட்கார்ந்து நான் செதுக்கினது. கடந்த ஒரு மாதத்தில், நீங்கள் பார்த்துக்கொள்பவரை அடித்ததுண்டா, அல்லது அடிக்கக் கை ஓங்கியதுண்டா? இல்லை. ஒரு முறை. சில முறை. அடிக்கடி. சொல்ல விரும்பவில்லை. கடைசிக் கட்டத்தை நான்தான் சண்டை போட்டுச் சேர்த்தேன், அதுதான் மரியாதை என்றேன். பட்டியலைப் பதினாலாம் பதிலின்படி அடுக்கச் சொல்கிறேன். ஒரு வட்டம் சுழல்கிறது, நிற்கிறது. விழுந்த இருபத்தாறு பேரில் இருபத்து மூன்று பேர் ஒரு முறை என்றோ சில முறை என்றோ அடிக்கடி என்றோ தொட்டிருக்கிறார்கள். கடைசிவரை போய் முடித்தவர்களில் அப்படிச் சொன்னவர் நாலே பேர். சொல்ல விரும்பவில்லை என்ற கட்டத்தை மொத்தத்தில் மூன்று பேர்தான் தொட்டிருக்கிறார்கள். ஆக, இவர்கள் சொல்லத் தயங்கவில்லை. சொன்னார்கள். யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத என்னிடம், பெருவிரலால் தொட்டுச் சொன்னார்கள். சொல்லிவிட்டு நிமிர்ந்தால் எதிரே ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நான் நிற்கிறேன். இருபத்து மூன்று பேர். அந்த வரிசையில் கும்பகோணமும் இருக்கிறது. பார்க்கக் கூடாது, ஊர்ப் பத்தியைக் கையால் மறைத்தேன், நிஜமாகவே உள்ளங்கையைத் திரையில் வைத்து மறைத்தேன், ஆனால் அதற்குள் கண் பார்த்துவிட்டது. சில முறை.

அக்காவா. ஒரு எறும்பைக்கூடக் கையால் தட்டிவிடாமல் ஊதித் தள்ளுகிறவள். இல்லை, இப்படி நினைப்பதுதான் தப்பு, இப்படி ஒருவர் நினைப்பார் என்று தெரிந்துதானே அவள் ஆறு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது. நான் பார்த்தேன் என்றால் முதல் பக்கத்தில் எழுதினது பொய். பார்க்கவில்லை என்று நடித்தால், ஏன்க்கா பாதியில் நிறுத்திவிட்டாய் என்று கேட்டால், அவள் அத்தான் எழுந்துவிட்டார் என்பாள், நான் சரி என்பேன், அந்தச் சரியோடு இன்னும் ஆறு வருஷம் ஓடும். எண்ணைத் தொட்டுவிட்டேன். மணி அடிக்கிறது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு நொடி தோன்றுகிறது, அந்த நொடியிலேயே எடுத்துவிட்டாள். "சொல்லு நீலா." "சாப்பிட்டியாக்கா?" "ம். நீ?" "ஆச்சு. அத்தான்?" "முழிச்சிட்டார். டிவி போட்டு விட்டிருக்கேன், மாட்டுச் சந்தை காட்டறான், பார்த்துண்டு இருக்கார்." அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது, யாரோ விலை சொல்லிக்கொண்டிருந்தான். "நீ அனுப்பினதைத் திறந்தேன். பாதியில நிக்கறது." "எங்க நிக்குது?" எனக்குத் தெரியும், தெரிந்தே கேட்டேன். "வீட்டுல என்னென்ன இருக்குன்னு கேக்கறது. வாஷிங் மெஷினுக்கு டிக் போட்டேன், அது நீ குடுத்ததுதானே. அதுக்கு மேல தோணலை. முன்னாடி ஒண்ணைத் தப்பாப் போட்டுட்டேன்னு பின்னாடி போகலாமான்னு பார்த்தேன். அதுல வழியைக் காணோம்." "வழி இல்லேக்கா. நான்தான் எடுத்துட்டேன்." "ஏன்?" ஏன் என்று அவள் சும்மா கேட்டாள், தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கிற மாதிரி. எனக்கு அந்தத் தண்ணீர் கேன் கம்பெனிக் கதையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "எந்த ஊர்ல இருந்து பதில் வருதுன்னு ஒரு பத்தி இருக்கு. அதை நான் மூடி வச்சிருக்கணும், மறந்துட்டேன். கும்பகோணம்னு ஒரே ஒருத்தர்தான் இருக்காங்க. பார்த்துட்டேன்." மாட்டுச் சந்தைக்காரன் பேசிக்கொண்டே இருந்தான். ஏதோ ஒரு கதவு சாத்துகிற சத்தம், டிவி அமுங்கிப்போயிற்று, அக்கா சமையலறைக்குள் வந்துவிட்டாள். "பார்த்துட்டியா" என்றாள். "ம்." அட்டையும் பேனாவும் கையில் இருந்தால் இந்நேரம் அவள் முகத்தைப் பார்த்திருப்பேன், இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது மட்டும்தான் என்னால் முடியும், அதைச் செய்தேன். "நல்லதாப் போச்சு" என்றாள். "வாயால சொல்ல வராது." பிறகு சொன்னாள், எதையோ தூரத்தில் பார்த்து வாசிக்கிற மாதிரி. செவ்வாய்க்கிழமை காலை, மாத்திரை வாயில் போட்டால் துப்புகிறார், மூன்று தரம் போட்டாகிவிட்டது, மூன்றாவது தரம் அவள் முகத்திலேயே துப்பினார். "கை போயிடுத்து நீலா. கன்னத்துல. இது முதல் தடவை இல்லை. ஆனா அன்னிக்கு அவர் என்ன பண்ணினார் தெரியுமா. கையை நீட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பிரம்புக்கு நீட்டுமே, அந்த மாதிரி உள்ளங்கையை விரிச்சு நீட்டிண்டு நின்னார். நான் என்ன பண்றதுன்னே தெரியாம அந்தக் கையில மாத்திரையை வச்சேன். எடுத்து முழுங்கிட்டார்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இதைச் சொன்னதும் உன் போன்ல அடுத்தது என்ன வந்துது பார். ஃபிரிட்ஜ் இருக்கா. எனக்குச் சிரிப்பு வந்துடுத்து. அப்புறம் சிரிப்பு இல்லை."

சனிக்கிழமை வருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது, வந்த பிறகு அது சரியாகத்தான் இருந்தது. "வா. ஆனா போன தடவை மாதிரி ஞாயித்துக்கிழமை மத்தியானமே பையைத் தூக்கிடாதே." "ஒரு வாரம் இருப்பேன்க்கா. லேப்டாப்பை எடுத்துண்டு வர்றேன். நீ வெளியில போயிட்டு வா." "எங்க போறது?" என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க வெளியே போகலாம் என்றால் எங்கே போவது என்று எனக்கும் தெரியவில்லை. "காவிரியில தண்ணி போறதாம்" என்றாள் கொஞ்சம் கழித்து, "பாலத்துல நின்னு பார்க்கலாம்." உள்ளே அத்தான் எதற்கோ கத்தினார். வைத்துவிட்டாள்.

மூன்று இருபத்தைந்து. தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை, ஆனால் முழு விழிப்பும் இல்லை, தண்ணீருக்குள் கையை விட்டு எதையோ துழாவுகிற மாதிரி வேலை செய்கிறேன். முதலில் ஊர்ப் பத்தியை நிறுத்தினேன். பின்னால் போகிற பொத்தானைத் திரும்ப வைத்தேன். ஃபிரிட்ஜ் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளி, இதனால் உங்கள் ரேஷன் கார்டுக்கோ உதவித்தொகைக்கோ எதுவும் ஆகாது, எந்த ஊரில் கட்டணமில்லாத இல்லம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறோம் என்று மேலே எழுதினேன். ஆனால் அது மட்டும் போதாது, பட்டியலை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்ற கேள்வி வந்து நிற்கும், அதிலும் விழுவார்கள். பதினாலுக்குப் பிறகு ஒரு பக்கம் வேண்டும், கேள்வி இல்லாத பக்கம். பகிர்ந்தமைக்கு நன்றி என்று எழுதிப் பார்த்தேன். எந்த வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள், அழித்தேன். கவலைப்படாதீர்கள் என்று எழுதினேன். நான் யார் அதைச் சொல்ல, ஒரு வாரம் இருந்துவிட்டு வரப்போகிறவள். அழித்தேன். உங்கள் மேல் தவறில்லை. தெரியாது, சில வீடுகளில் இருக்கலாம், கன்னம் வீங்கியவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு வாய் இல்லை. அதையும் அழித்தேன். அப்புறம் கை தானாக எழுதியது. இதைச் சொல்வது எளிதில்லை. உங்களைப் போலச் சொன்னவர்கள் பலர் இருக்கிறார்கள். அவசரமில்லை. இன்றைக்கு இத்தோடு நிறுத்திவிட்டு நாளைக்கு இதே இடத்திலிருந்து தொடரலாம். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் இந்த எண்ணில் ஆள் இருக்கிறார்கள். நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றினால் கீழே எழுதலாம், எழுதாமலும் போகலாம். கீழே ஒரு காலிப் பெட்டி.

சேவியர் சாரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன், இருபத்து மூன்று பேரைப் பற்றியும் சொன்னேன், அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. வழக்கத்துக்கு மாறாக என்னோடு மட்டும் பேசினார். "நிறுத்திடலாம்னு நாமளே சொன்னா நிறுத்திடுவாங்களே, நீலா." "நிறுத்தட்டும் சார். நாளைக்கு வருவாங்க." "வரலேன்னா?" "இப்பவும் வரலையே." "எங்க அப்பாவைக் கடைசி ரெண்டு வருஷம் எங்க அம்மாதான் பார்த்தாங்க" என்றார். அதோடு வேலைப் பேச்சுக்குத் திரும்பிவிட்டார். "டாக்டர் கேப்பாங்க, அந்த நம்பர்ல யாரு உக்காருவான்னு. அறக்கட்டளையில ஆள் இருக்கான்னு கேட்டுக்கறேன். நாலரைக்கு அனுப்பலாம், அரை மணி நேரம் குடுங்க." நாலு இருபதுக்கு இரண்டு பேர் ராத்திரி ஒன்பது வரை உட்காருவார்கள் என்று செய்தி வந்தது. நாலரைக்குப் போயிற்று.

இப்போது நாலு ஐம்பது. வெயில் சாய்ந்து மேசையில் பாதியைப் பிடித்திருக்கிறது. பதில்கள் வரத் தொடங்கிவிட்டன, முதலில் ஒன்றிரண்டு, பிறகு மழை வலுக்கிற மாதிரி. ஊர் இல்லை, எண்கள் மட்டும். ஒவ்வொருவரும் இப்போது எந்தக் கேள்வியில் இருக்கிறார் என்று தெரிகிறது, மூன்று, ஒன்பது, பதினொன்று. சிலர் பதினாலைத் தாண்டுகிறார்கள், புதுப் பக்கத்தில் ஒரு நொடி நிற்கிறார்கள், போய்விடுகிறார்கள், அவர்கள் இல்லை என்று சொன்னவர்களாக இருக்கலாம், நான் பார்க்கவில்லை. இரண்டு பேர் புதுப் பக்கத்தோடு மூடிவிட்டார்கள். சேவியர் சார் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் அங்கேயே நிற்கிறார். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். காபி போட எழுந்தவள் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒருவர், எந்த ஊரோ, அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கே என் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறு நிமிடம். மூடிவிடுவார், பரவாயில்லை, நாளைக்கு வரலாம். எட்டு நிமிடம். பிறகு காலிப் பெட்டியில் எழுத்துகள் வந்து விழுந்தன.

நேத்து. அப்புறம் அம்மாவுக்குத் தலை வாரி விட்டேன்.

அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், அங்கிருந்து பதினாறு, பதினேழு.